திருவள்ளூரிலிருந்து உட்கார்ந்து போவது

பெரம்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் மகனுக்குப் பெண் பார்த்துவிட்டார். அதை எங்களிடம் கல்யாணச் செய்தியாக அவர் சொல்லவில்லை. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவியிடம், "பையனுக்குத் தனியா ஒரு போர்ஷன் வேணும்மா. வைகாசியில முகூர்த்தம்" என்றார். மனைவி கையிலிருந்த போர்வையைக் கொடியில் போட்டுவிட்டு, "நல்லா நடக்கட்டும் சார்" என்றாள். நாங்கள் சித்திரைக்குள் காலி செய்யவேண்டும் என்பது இப்படித்தான் முடிவானது.

நகரத்துக்குள் வேறு வீடு பார்த்தோம். வாடகை கேட்ட ஒவ்வொரு முறையும் ரயில் பாதையில் ஒரு நிலையம் வெளியே தள்ளிப்போனோம். வில்லிவாக்கத்தில் கேட்டோம், அம்பத்தூருக்குப் போனோம். அம்பத்தூரில் கேட்டோம், ஆவடிக்குப் போனோம். ஆவடியில் கேட்டபிறகு, இனி நிலையம் நிலையமாகப் போவதில் பொருளில்லை, பாதையின் கடைசியிலிருந்து தொடங்கலாம் என்று தீர்மானித்தோம். புறநகர் வண்டிகள் போய் நிற்கும் ஊர்களில் இரண்டு எங்களுக்குக் கட்டுப்படியாகும்போலத் தெரிந்தன. வடக்கே கும்மிடிப்பூண்டி, மேற்கே திருவள்ளூர்.

மனைவிக்கு சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. காலையில் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களின் கையில் நரம்பைத் தேடி ரத்தம் எடுப்பாள். அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்.

"எங்க வேணாலும் வீடு பாருங்க. ஆனா நான் உட்கார்ந்து போகணும். கம்பியில தொங்கிக்கினு போய் எறங்கினா கை வெலவெலன்னு ஆடும். அந்தக் கையோட ஊசியைத் தூக்கினா எதிர்ல இருக்கற ஆளு எழுந்து ஓடிருவான்."

நிபந்தனையைவிடப் பெரியது அதற்குப் பின்னால் இருந்தது. பொதட்டூர்பேட்டையிலிருந்து என் மாமியார் தினமும் தொலைபேசியில் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். "புள்ள ஸ்கூலுக்குப் போவப் போவுது. யாரு கெளப்பி உடுறது? வேலைய உட்டுட்டு ஊட்ல இரு." மனைவி, "பாக்கறேம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாள். அவளுக்கு வேலையை விடும் எண்ணமே இல்லை. ஆனால் தப்பான ஊரில் வீடு பிடித்தால் வேலை தானாகவே போய்விடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே நான் பார்க்கப்போனது வீடு என்பதைவிட அவளுடைய வேலை என்பதுதான் சரி.

நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். மதியம் போய்க் கடைசி வண்டியில் திரும்புகிறவன். மற்றவர்கள் எழுதிய செய்தியில் ஆதாரமில்லாத சொற்களை வெட்டுவது என் தொழில். வீடு, மனை பக்கத்துக்கு வரும் கட்டுரைகளில் "குடும்பத்துக்கு ஏற்ற அமைதியான சூழல்" என்ற தொடர் வராத கட்டுரையே கிடையாது. எல்லா ஊருக்கும் அது இருப்பதால் எந்த ஊருக்கும் அது தேவையில்லை என்று வெட்டிவிடுவேன். இப்போது அந்தச் சூழலை நானே தேடவேண்டியிருந்தது. கண்ணால் பார்க்காத எதையும் நம்புவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

என் வார விடுமுறை புதன்கிழமை. ஒரு புதன்கிழமை காலை கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். அந்த ஊரில் காலைக் கூட்டம் ஒரு பக்கமாகப் போகாது. நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏறும் அதே நேரத்தில், சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு நகரத்திலிருந்து வருகிறவர்கள் இறங்குகிறார்கள். நடைமேடையில் இரண்டு கூட்டமும் மோதிக்கொண்ட இடத்தில் நான் நின்றிருந்தேன். இரண்டு பக்கத்தினரும் என்னைத் திட்டினார்கள்.

வீட்டுக்காரர் நல்ல மனிதர். நாற்காலி போட்டார். "எத்தினி பேரு?" என்று கேட்டார்.

"மூணு பேர். நான், மனைவி, ஒரு குழந்தை."

"ஃபேமிலியா" என்றார். குரல் இறங்கிவிட்டது. எனக்கு வலிக்காமல் சொல்ல முயன்றார். "ஃபேமிலின்னா பேஜாரு சார். பகல் பூரா ஊட்லயே இருப்பீங்க. தண்ணி செலவாவும். காலண்டர் மாட்ட ஆணி அடிப்பீங்க. ஆடி மாசம்னா சொந்தக்காரங்க வந்து குந்திக்குவாங்க. கம்பெனி பசங்கன்னா அந்தத் தொல்லையே இல்ல. ஒருத்தன் ஷிஃப்டுக்கு எழுந்து போவான், அந்தப் பாயில இன்னொருத்தன் வந்து படுப்பான். சத்தமே இருக்காது."

"எங்க குழந்தையும் சத்தம் போடாது."

"செவுத்துல கிறுக்குமே சார்."

நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டேன். திருமணத்துக்கு முன்னால், தனி ஆள் என்பதற்காகச் சென்னையில் எனக்கு வீடு மறுத்தவர்கள் பலர். குடும்பம் இருப்பதற்காக மறுத்தவர் இவர் ஒருவர்தான். அந்தத் தெருவிலேயே இன்னும் மூன்று வீடுகளில் கேட்டேன். பதில் ஏறக்குறைய அதேதான். ஓர் அம்மாள் மட்டும், மனைவியையும் குழந்தையையும் ஊரில் விட்டுவிட்டு நான் தனியாக வருவதானால் யோசிக்கலாம் என்றார்.

அடுத்த புதன்கிழமை திருவள்ளூர். நிலையத்திலிருந்து காக்களூர் போகிற வழியில் ஒரு மாடிப் போர்ஷன். வீட்டுக்காரர் காக்களூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்து ஓய்வுபெற்றவர். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். குடும்பம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. தெருக்கோடியில் பள்ளிக்கூடம். தண்ணீர் குடித்துப் பார்த்தேன், உப்பில்லை. சுவரில் ஏற்கெனவே ஆணிகள் இருந்தன. மழைநீர் எதுவரை ஏறும் என்று பக்கத்துக் கடையில் விசாரித்தேன். வாசற்படி வரை வந்து திரும்பிவிடும் என்றார்கள். மாமியார் ஊரிலிருந்து பேருந்தில் வந்துபோகும் தூரம். பாக்கியிருந்தது ரயில் மட்டும்.

ரயிலையும் அன்றே சோதித்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டு நகரம் போகும் வண்டியில் ஏறினேன். பெட்டியில் என்னோடு நான்கு பேர். ஒருவர் படுத்திருந்தார். நானும் காலை நீட்டினேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"எந்த வண்டி?" என்றாள்.

"ஒரு மணி வண்டி."

"நான் ஒரு மணி வண்டியில போனா, காலையிலேர்ந்து சாப்பிடாம யாருங்க எனக்காகக் காத்துக்கினு இருப்பாங்க?"

நியாயமான கேள்வி. நான் அலுவலகம் போகும் நேரத்தில் சோதித்திருந்தேன், அவள் போகும் நேரத்தில் அல்ல. காலை வண்டி என்பதை நான் அதிகம் பார்த்தவனில்லை. அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பேன். எனவே அடுத்த சோதனையைக் குறையில்லாமல் செய்வது என்று, விடியும் முன்பே எழுந்து திருவள்ளூருக்குப் போனேன். போனதே அங்கிருந்து திரும்பி வருவதற்காகத்தான். அவள் பிடிக்கவேண்டிய அதே ஏழு மணி வண்டி. அரக்கோணத்திலிருந்து வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பெண்கள் பெட்டியில் நான் ஏற முடியாது என்பதால் நடைமேடையில் நின்றபடி உள்ளே பார்த்தேன். புதுச்சேலை கட்டிப் பூ வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பெண்கள் தாராளமாக உட்கார்ந்திருந்தார்கள். வில்லிவாக்கம் வரை போய், நெரிசல் எங்கும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இறங்கி மறுபடி திருவள்ளூருக்கே வந்தேன்.

அன்று யுகாதி. அது எனக்குத் தெரியாமலில்லை. முந்தின நாள் மாலை தலைவர்களின் யுகாதி வாழ்த்துகளை இரண்டு பத்தியில் அடங்கும்படி வெட்டியவனே நான்தான். ஆனால் பத்திரிகை அலுவலகத்தில் பண்டிகை என்பது ஒரு செய்தி. அது யாருக்காவது விடுமுறையாக இருக்கும் என்று தோன்றாது. எங்களுக்கு ஆண்டுக்கு நான்கைந்து நாள்தான் விடுமுறை, அதில் யுகாதி கிடையாது. மனைவியின் மருத்துவமனைக்கும் கிடையாது. மகள் இன்னும் பள்ளியில் சேரவில்லை. எங்கள் வீட்டில் நாள்காட்டியின் சிவப்பு எழுத்துக்கு எந்தப் பயனும் இல்லாமலிருந்தது.

திருவள்ளூர் வீட்டு வாசலில் மாவிலை கட்டியிருந்தது. வீட்டுக்காரர் புதுவேட்டியில் இருந்தார். எனக்கு வேப்பம்பூப் பச்சடியும் பாயசமும் கொடுத்தார்கள். வாழ்த்துச் சொல்லி, முன்பணத்தைத் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். நல்ல நாளில் கொடுத்தது அவருக்கு மகிழ்ச்சி.

"வண்டியில கூட்டமே இல்ல சார். ஜன்னல் சீட்டே கிடைச்சுது" என்றேன்.

"இன்னிக்கு இருக்காது நைனா" என்றார்.

தம் ஊரைத் தாமே புகழ்ந்துகொள்ள விரும்பாத அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரையில் குடிவந்தோம். சாமான்களை அடுக்க மனைவி நான்கு நாள் விடுப்பு எடுத்திருந்தாள். அது முடிந்த திங்கட்கிழமை காலை, தூங்கும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவளை வழியனுப்ப நானும் நிலையத்துக்குப் போனேன். என் கண்டுபிடிப்பில் அவள் உட்கார்ந்து போவதைப் பார்க்கும் ஆசை.

வண்டி வந்தது. வாசற்படியில் நின்றவர்களின் பைகள் பெட்டிக்கு வெளியே தொங்கின. பெண்கள் பெட்டியின் ஜன்னல்களில் முகங்கள் அடுக்கியிருந்தன. மனைவி வண்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். உள்ளிருந்து யாருடைய கையோ நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டது.

என் அடுத்த விடுமுறை நாளில்தான் இருவரும் உட்கார்ந்து பேச முடிந்தது. மாலையில் வந்ததும் பையை வைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்தாள்.

"நீங்க பாத்துட்டு வந்தீங்களே, அன்னிக்கு கவர்ன்மெண்ட் லீவு" என்றாள்.

"எங்களுக்கு இல்லையே."

"நமக்கு மட்டும்தாங்க இல்ல."

பெட்டியில் இருந்த பெண்களிடம், தன் கணவர் யுகாதியன்று வந்து பார்த்தபோது காலியாக இருந்ததாம் என்று சொல்லியிருக்கிறாள். திருநின்றவூர் தாண்டும் வரை சிரித்தார்களாம். "உங்க ஊட்டுக்காரரு இன்னா வேலை?" என்று ஒருத்தி கேட்டாளாம். பத்திரிகை என்றதும் சிரிப்பு ஆவடி வரை போனதாம்.

சிரிப்பு அத்தோடு நின்றது. அவள் கை ஆடியது. மூன்றாவது நாளே ஒரு முதியவருக்கு இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்காமல், அவர் சத்தம் போட்டுவிட்டார். மேற்பார்வையாளர் அம்மா அவளைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் முன்னாடி உட்கார்ந்து பேர் எழுதிக்க. உடம்பு சரியானதும் உள்ள வா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் பேர் எழுதும் இடத்துக்குத் தனியாக ஆள் வைப்பதில்லை என்பது மனைவிக்குத் தெரியும். கொஞ்ச நாள் என்றால் கொஞ்ச நாள்தான், அதற்குள் கை நிற்காவிட்டால் வேலை இல்லை.

பெண்கள் பெட்டியில் இடம் காலியாவதில்லை. கைமாறும். ஏறியதும் உட்கார்ந்திருப்பவரிடம் "எங்க எறங்குவீங்க?" என்று கேட்டு வைக்கவேண்டும். பட்டாபிராமில் இறங்குகிறவரின் இடம் ஒருத்திக்கு, அவள் அம்பத்தூரில் இறங்கினால் அது இன்னொருத்திக்கு என்று, வண்டி புறப்படும் முன்பே வாரிசுகள் முடிவாகிவிடுகிறார்கள். எல்லாம் வாய்ப்பேச்சு. மீறினவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. மனைவி வரிசையில் கடைசி. இப்படி இரண்டு வாரம் நின்று கேட்டதில் அவளுக்கு உறுதியாகக் கிடைத்த இடம், பெரம்பூரில் இறங்கும் ஒரு பாட்டியம்மாளுடையது.

"அங்கேயே இருந்திருந்தா நின்னுக்கினு போயிருக்க மாட்டேன்ல" என்றாள். கோபமில்லாமல், ஒரு தகவலாகச் சொன்னாள்.

பள்ளிக்கூடம் திறந்ததும் மாமியார் பொதட்டூர்பேட்டையிலிருந்து இரண்டு பைகளோடு வந்து இறங்கினார். பேத்தியைப் பார்த்துக்கொள்ள வந்ததாகச் சொன்னார். மகளை வேலையிலிருந்து இறக்கிக் கூட்டிப்போக வந்திருந்தார். காலையில் பேத்திக்குச் சடை பின்னும்போதெல்லாம் சுவரைப் பார்த்துச் சொல்வார். "நான் போய்ட்டா உனக்கு யாரு கண்ணு பின்னுவா? உங்கம்மா ரயில்ல தொங்கிக்கினு போவா." நான் பக்கத்து அறையில் போர்வைக்குள் இருந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த வாரத்தில்தான் பெட்டியில் ஒன்று நடந்தது. அம்பத்தூரில் தையல் கம்பெனிக்குப் போகும் ஓர் அக்கா, கம்பெனியில் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளை மடியில் வைத்து, திறப்பதும் மடிப்பதுமாக இருந்திருக்கிறார். அன்று சாயங்காலம் டாக்டரிடம் காட்டவேண்டும். என்ன சொல்வாரோ என்று காலையில் காப்பிகூடக் குடிக்கவில்லை. நின்றுகொண்டிருந்த என் மனைவிக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. எதிரே உட்காருகிறவர்களின் சீட்டைத் தலைகீழாகப் படிப்பது அவளுக்குப் பழக்கம்.

"சக்கரை இல்லக்கா. ரத்தம்தான் கொஞ்சம் கம்மி. டாக்டர் சத்து மாத்திரை குடுப்பாரு பாருங்க" என்றாள்.

"உனுக்கு எப்டிமே தெரியும்?"

"நான் அந்த வேலைதான் பாக்கறேன்."

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவளை இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளி, மூன்று பேர் இருந்த இருக்கையில் நான்காவது இடத்தை உண்டாக்கினார். "குந்து. ரத்தம் எடுக்கற பொண்ண நிக்க வெச்சிக்கினு வந்துகிறோம், யாரும் சொல்லல பாரு."

மறுநாள் மூன்று தாள்கள் வந்தன. அதற்கு மறுநாள் ஒருத்தி தன் மாமனாருடையதைக் கொண்டுவந்தாள். எதைப் படித்தாலும் கடைசியில், டாக்டரிடம் காட்டுங்கள் என்றுதான் மனைவி சொல்வாள். ஆனால் போகிற வழியெல்லாம் பயந்துகொண்டு போகத் தேவையில்லாமல் சொல்வாள். வாரிசு வரிசையில் அவள் நிற்க வேண்டியிருக்கவில்லை. திருவள்ளூரில் ஏறும்போதே அவளுக்கு இடம் இருந்தது.

மாமியார் இதை நம்பவில்லை. வேலையை விடாமலிருக்க மகள் சொல்லும் கதை என்று நினைத்தார். "நானே ஒரு நாள் வந்து பாக்கறேன்" என்றார். ஒரு புதன்கிழமை காலை நால்வரும் நிலையத்துக்குப் போனோம். மகள் சீருடை போடாமல், தலை கலைந்து, என் இடுப்பில் இருந்தாள். மாமியார் நடைமேடை வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பி, அவளைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவதாக ஏற்பாடு.

வண்டி நின்றதும் ஒரு ஜன்னலிலிருந்து தையல் கம்பெனி அக்கா கூப்பிட்டார். "இங்க வாமே. இது யாரு, அம்மாவா? அவங்களயும் ஏத்து. நின்னுக்கினே பேச முடியுமா?" மாமியார் மறுப்பதற்குள் ஏற்றிவிட்டார்கள். உட்காரவும் வைத்துவிட்டார்கள். அக்கா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

"யுகாதிக்கு வந்து பாத்துட்டுப் போனது இவருதானா?"

பெட்டி முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் மகளை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

மாமியார் நேரத்தை வீணாக்கவில்லை. "நீங்களே சொல்லுங்கம்மா. புள்ளய யாரு ஸ்கூலுக்குக் கெளப்பறது? அதுக்குத்தான் வேலைய உட்டுருன்றேன்."

"இவரு காலைல இன்னா பண்றாரு?"

"தூங்குவாரு. பேப்பர் ஆபீசு. மதியம்தான் போவாரு."

"ஸ்கூலு எப்போ?"

"எட்டரைக்கு."

அக்கா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மாமியாரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எத்தனையோ செய்தியாளர் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருவரைப் பேச்சின்றி ஆக்க, அடுத்த கேள்வியைக் கேட்காமல் விட்டாலே போதும் என்று அங்கே யாரும் காட்டியதில்லை. மனைவி தன் கைப்பையில் எதையோ தீவிரமாகத் தேடிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு பெண் குரல் மட்டும், "சட பின்னத் தெரியுமா சார்?" என்றது.

வண்டி நகர்ந்தது. மாமியார் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. பின்னணியில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். "மாப்ள, மாவு ஃப்ரிட்ஜ்ல கீது. கல்லு நல்லா காஞ்சப்புறம் ஊத்துங்க. நான் சென்ட்ரல் வரைக்கும் போய்ட்டு மெதுவா வரேன். ஜன்னல் சீட்டு சொல்லிக்கிறாங்க, ஆவடியில வந்துரும்."

இரண்டு தோசை கருகின, மூன்றாவது வந்தது. சடையை ஒருவாறு முறுக்கி ரப்பர் போட்டேன். மகள் கண்ணாடியில் பார்த்து, "இது சடையே இல்லப்பா" என்றாள். ஆனாலும் மணி அடிப்பதற்குள் பள்ளியில் இருந்தோம்.

மாமியார் வருவதற்கு மதியமாகிவிட்டது. ஒரு கைப்பிடி கனகாம்பரமும், பெட்டியில் யாரோ கொடுத்த முறுக்கும் கொண்டுவந்தார். தண்ணீர் குடித்தார். மருத்துவமனை வாசல் வரை போய்ப் பார்த்ததாகவும், மேற்பார்வையாளர் அம்மா தன் மகளை மறுபடி ரத்தம் எடுக்கும் அறைக்கு அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். வேலையை விடுவது பற்றி ஒரு சொல் இல்லை. கல்லில் ஒட்டியிருந்த கருகலைச் சுரண்டிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"நான் ஊருக்குக் கெளம்பறேன் மாப்ள. நாளைக்கே நீங்க பாத்துக்கறீங்களா, இல்ல ஒரு நாள் இருந்து பின்னிக் காட்டிட்டுப் போவட்டா?"

காட்டிவிட்டே போகச் சொன்னேன்.